கூட வந்தவை எதுவரை வரலாம்?

போன வருசம் பெரியம்மா கனடாவிலிருந்து வந்தபோது அம்மம்மாவையும் என்னையும் ஒரு பயணம் கூட்டிக்கொண்டு போனா. அம்மம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. எனக்கு அது முதல் விமானப் பயணம். திரும்பி வரும்போது விமானம் நான்கு மணித்தியாலம் தாமதம் என்று பலகையில் போட்டார்கள். "பரவாயில்லை, என்னட்டைக் காட் இருக்கு, லவுஞ்சில போய் இருப்பம்" என்று பெரியம்மா சொன்னா. எந்த விமான நிலையம், என்ன காட் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

லவுஞ்ச் வாசலில் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையாகத்தான் பேசினாள். பெரியம்மாவின் காட்டை உரசிப் பார்த்துவிட்டு, உங்களோடு ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம், மூன்றாவது ஆளுக்கு முப்பது டொலருக்கு மேலே காசு, அது காட் பில்லில் வரும் என்றாள். ஆங்கிலத்தில் சொன்னதை நான் அம்மம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபா வரும் என்றும் சொல்லித் தொலைத்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"பத்தாயிரமோ? இருக்கிறதுக்கோ?" என்று கேட்டுவிட்டு அம்மம்மா சொன்னா: "நான் இதில நிக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ."

சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் பெரியம்மாவின் முகம் அப்படியே மாறிப்போனது. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முதல் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். நான் வரலாறு படிக்கிறவள், பின்னுக்குப் போகாமல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

*

எங்கட ஊர் காரைநகர். ஒரு காலத்தில் காரைதீவு. கிழக்கு மாகாணத்திலும் ஒரு காரைதீவு இருப்பதால் குழப்பம் வருகிறது என்று 1920களில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பொன்னாலைப் பாலம் போட்ட பிறகு தீவு என்று சொல்வதும் பாதிதான் சரி. மறுபக்கம் ஊர்காவற்றுறைக்குப் போக இன்றைக்கும் 'பாதை'தான். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம்: இந்தப் 'பாதை' தெரு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் தட்டையான மிதவை.

காரைநகர் ஆட்கள் ஊரில் தங்குகிற ஆட்கள் இல்லை. சிங்கள ஊர்களில் கடை வைத்தார்கள், கொழும்பில் வியாபாரம் செய்தார்கள், மலாயாவுக்குப் போனார்கள். எனவே இந்த ஊருக்கு வழியனுப்புவது ஒரு தொழில் மாதிரி. நாள் பார்ப்பது, விபூதி பூசுவது, படலைக்கு வெளியே நல்ல சகுனமாக ஒரு ஆளை நிறுத்துவது, "போறன்" என்று சொல்லாமல் "போட்டு வாறன்" என்று சொல்வது. இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கில் முக்கியமான கேள்வி, யார் எதுவரை போவது என்பது. வயதுபோனவர்கள் படலைவரை. அயல் சந்திவரை. சகோதரங்கள் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் ஸ்ரேசன்வரை. தகப்பன் அல்லது மூத்த அண்ணன் கொழும்புவரை. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் தன் எல்லைக்கு முன்னமே திரும்பினால் பிறகு கதை வரும்.

அந்த எல்லையை அரசாங்கங்களும் கம்பனிகளும் எப்போது, எப்படித் தங்கள் கையில் எடுத்தன என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

முதலில் எடுத்தது ரயில் என்று நினைக்கிறேன். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கி, 1905இல் கொழும்புவரை பாதை முழுமையானது. ரயிலோடு கூடவே இரண்டு புதுப் பொருட்கள் வந்தன. ஒன்று பிளாட்போம் ரிக்கற். பயணம் போகாத ஆளும், வழியனுப்ப வந்ததற்காகக் காசு கொடுத்து ஒரு துண்டு வாங்க வேண்டும். மற்றது வகுப்பு பிரித்த தங்கும் அறை. முதலாம் வகுப்புக்காரர் கதிரையில், மூன்றாம் வகுப்புக்காரர் மேடையில் மூட்டைக்கு மேலே. இந்திய ரயில்களில் அந்த நாட்களில் முதல் வகுப்புப் பெட்டியோடு ஒட்டியபடி வேலைக்காரருக்கென்று தனி அறை இருந்தது. அதாவது 'கூட வருபவர்' என்று விதிக்குள் முதலில் இடம்பிடித்த ஆள் மனைவியோ தாயோ இல்லை, துரையின் வேலைக்காரர். மூன்றாம் வகுப்புப் பயணிகள் படும் பாட்டைப் பற்றிக் காந்தி 1917இல் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புவரை மீண்டும் ரயில் என்று ஒரே ரிக்கற்றில் வரக்கூடியதாக இருந்தது. போட் மெயில் என்று இதைப் பழைய ஆட்கள் இன்னமும் ஆசையோடு சொல்வார்கள். ஆனால் அதே வழியால் மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமில் மறித்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பிறகுதான் கடலைக் கடந்தார்கள். ஒரே கடல், ஒரே கப்பல் வழி. ஒருவருக்குக் காத்திருப்பு என்றால் சாய்மனைக் கதிரை, இன்னொருவருக்கு முகாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழியும் போய்விட்டது.

விமானம் எங்களுக்கு நாங்கள் நினைப்பதைவிட முன்னமே வந்துவிட்டது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் போட்டது. எயார் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, 1947 டிசம்பர் 10ஆம் தேதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. அது எங்கே போனது தெரியுமா? காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. இந்த நாட்டின் முதலாவது தேசிய விமானப் பறப்பே யாழ்ப்பாணத்தில் தட்டிவிட்டுத்தான் போனது. இதை எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான் வாசித்ததாக ஞாபகம் இல்லை.

*

அம்மம்மா முதன்முதலில் வழியனுப்பியது மூத்த மாமாவை, 1984இல். அப்போது அவ யாழ்தேவி வெளிக்கிடும்வரை ஸ்ரேசனில் நின்றா. தாத்தா கட்டுநாயக்காவரை போனார். ஊர் ஒழுங்கின்படி எல்லாம் சரியாக நடந்த கடைசி வழியனுப்பு அதுதான் என்பது வீட்டுக்கதை.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியது. யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தீவுப் பகுதி இராணுவத்தின் கைக்குப் போக, காரைநகர்ச் சனம் பாலத்தைத் தாண்டி வலிகாமத்துக்கு இடம்பெயர்ந்தது. அம்மம்மா வீட்டாரும் அதில்தான் வந்தார்கள். குடாநாடு அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில். வெளியே போக வேண்டுமென்றால் கிளாலியால் இரவில் வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். 1993 ஜனவரி 2ஆம் தேதி அந்தக் கடப்பில் போன சனத்தைக் கடற்படை தாக்கியதில் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகும் சனம் கடந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் வள்ளத்துக்கு முதல் ஒரு கடதாசி வேண்டும். புலிகளின் 'பாஸ்'. ஏன் போகிறீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு பிணை. உங்களுக்காக ஒரு ஆள் இங்கே நிற்க வேண்டும். நீங்கள் வராவிட்டால் அந்த ஆள் பதில் சொல்ல வேண்டும்.

எங்கட தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். இன்றைக்கு 'பாஸ்' என்றால் எங்களுக்கு பஸ் பாஸ், போடிங் பாஸ். அன்றைக்குப் பிணை நிற்பது என்றால், ஒருவர் நகர்வதற்கு இன்னொருவர் நகராமல் இருப்பது. அதை ஆட்சி செய்தவர்கள் ஒரு படிவமாக மாற்றியிருந்தார்கள். இதைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் குடாநாட்டில் அந்த வருசங்களில் இருந்த எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கோ, யார் யாருக்குப் பிணை நின்றது என்று ஒரு கதை இருக்கும்.

பெரியம்மா 1993இல் போனா. கனடாவில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. பாஸில் என்ன காரணம் எழுதினார்கள் என்று நான் கேட்டபோது அம்மம்மா சிரித்தா, சொல்லவில்லை. பிணைக்கு வரவேண்டியவர் ஒரு சொந்தக்காரர். கடைசி நேரத்தில் அவர் பயந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, திரும்பி வராத பிள்ளைக்கு யார்தான் பிணை நிற்பது? அப்போதுதான் அம்மம்மா சொல்லியிருக்கிறா: "நான் நிக்கிறன். நீ போ."

பிறகு பலமுறை கூப்பிட்டு விசாரித்தார்களாம். அதற்கு மேலே அவ சொல்வதில்லை.

மறுகரையில் வேறு கடதாசி. வவுனியாவில் அரசாங்கத்தின் பாஸ். வடக்கிலிருந்து வந்த தமிழர் அங்கே தங்குவதற்கும், அங்கிருந்து தெற்கே போவதற்கும் தனித்தனி அனுமதி. கொழும்புக்குப் போனால் பொலிஸ் பதிவு. வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று வீட்டுக்காரர் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். விருந்தாளி என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஒரு காலம் பொலிஸ் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அது எவ்வளவு தூரம் போனதென்றால், 2007 ஜூன் 7ஆம் தேதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைத் தங்குவதற்குச் சரியான காரணம் இல்லை என்று பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது.

*

குடாநாடு 1995–96இல் இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு பலாலியிலிருந்து இரத்மலானைக்குத் தனியார் விமானங்கள் ஓடின. தரைவழி இல்லை, கப்பலுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆகவே காசு இருந்தவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் அதுதான் வழி. ஆனால் பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். பயணிகளை வெளியே ஒரு இடத்தில் கூட்டி, சோதித்து, இராணுவம் காவல் வர பஸ்ஸில் உள்ளே ஏற்றிக்கொண்டு போவார்கள். கூட வந்தவை அந்த இடத்தோடு நிற்க வேண்டியதுதான். விமானம் ஏறியதை யாரும் பார்க்க முடியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

1998 செப்டெம்பர் 29ஆம் தேதி பலாலியிலிருந்து வெளிக்கிட்ட லயன் எயார் விமானம் மன்னார்ப் பக்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. 55 பேர். பயணிகள் 48, மற்றவர்கள் பணியாளர். கடலுக்கு அடியில் இரணைதீவுப் பக்கம் அதன் உடைந்த பாகங்களைக் கண்டுபிடித்தது 2012இல். அதற்குப் பிறகு, மீட்ட உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர் வந்து அடையாளம் காட்ட வைத்தார்கள். பதினான்கு வருசத்துக்கு மேலாகக் கடலில் கிடந்த சட்டையை ஒரு தாய் அடையாளம் காண்பது எப்படி என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த விமானத்தில் போனவர்களோடு வந்தவர்கள் கடைசியாகப் பார்த்தது ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தை என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. நான் பிறந்தது இந்த இடைவெளிக்கு அருகில்தான். 2006க்குப் பிறகு குடாநாட்டை விட்டு வெளியே போக இராணுவத்தின் 'கிளியரன்ஸ்' வேண்டும் என்றானது. கப்பலுக்கும் அதுதான், விமானத்துக்கும் அதுதான். வரிசையில் நின்று நின்று அலுத்துப்போன கதைகளை அம்மா சொல்லுவா.

கட்டுநாயக்காவும் சும்மா இருக்கவில்லை. 1986 மே 3ஆம் தேதி எயார் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். 2001 ஜூலை 24ஆம் தேதி புலிகள் விமான நிலையத்தையே தாக்கினார்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் இடம் இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகும் பயணிகளை மட்டும் உள்ளே விடுகிறோம் என்றார்கள். அது முடிய கொரோனா வந்தது.

ஆனாலும் எங்கட சனம் வான் பிடிப்பதை நிறுத்தவில்லை. ஒருவர் பறக்கப் பன்னிரண்டு பேர் வானில். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, இரவு முழுக்க ஓடி, விடிய முதல் விமான நிலையத்தில் இறங்கி, அரை மணித்தியாலம் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டிவிட்டு அதே வானில் திரும்புவது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பைத்தியம் மாதிரி இருக்கும். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். தாய் ஸ்ரேசன் மேடையில், சோதனைச் சாவடியில், பஸ் தரிப்பில் என்று ஒவ்வொரு இடமாக நிறுத்தப்பட்ட வரலாற்றைப் படித்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

*

இப்ப லவுஞ்சுக்கு வருவம்.

உலகத்தின் முதலாவது விமானக் கம்பனி லவுஞ்ச் என்று சொல்லப்படுவது நியூயோர்க் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1939இல் திறந்த அட்மிரல்ஸ் கிளப். கம்பனித் தலைவர் சி. ஆர். ஸ்மித் விரும்பி அழைக்கிறவர்கள்தான் உள்ளே போகலாம். காசு கட்டினாலும் முடியாது. இது பாகுபாடு என்று 1960களில் வழக்குக்குப் போன பிறகுதான் காசுக்கு அங்கத்துவம் விற்கத் தொடங்கினார்கள். நீதி கிடைத்தது என்று சொல்லலாம், பழைய கதவுக்குப் புது விலை போட்டார்கள் என்றும் சொல்லலாம்.

1981 மே மாதம் அதே கம்பனி அடிக்கடி பறப்பவர்களுக்குப் புள்ளி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு தங்கம், வெள்ளி என்று படிகள் வந்தன. 1992இல் பிரயோரிட்டி பாஸ் வந்தது. எந்த விமானத்தில், எந்த வகுப்பில் பறந்தாலும் இந்தக் காட் இருந்தால் பல லவுஞ்சுகளுக்குள் போகலாம். வங்கிகள் அதை வாங்கித் தங்கள் கிரெடிட் காட்டோடு ஒட்டிக் கொடுத்தன. 1997இல் ஸ்ரார் அலையன்ஸ், 1999இல் வன்வேர்ல்ட் என்று கம்பனிகள் கூட்டுச் சேர்ந்தன. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1ஆம் தேதி வன்வேர்ல்டில் சேர்ந்தது.

இந்த விதிகளை நான் இரண்டு இரவு இருந்து வாசித்தேன். பரீட்சைக்குக்கூட இப்படி வாசித்ததில்லை. வன்வேர்ல்டில் பிஸ்னஸ் கிளாஸ் ரிக்கற் மட்டும் வைத்திருப்பவர் யாரையும் கூடக் கூட்டிப் போக முடியாது. ஆயிரக்கணக்கில் காசு கட்டியிருந்தாலும், தாய் பின்சீட்டு ரிக்கற்றில் வந்தால் தாய் வெளியேதான். ஆனால் அடிக்கடி பறந்து சஃபயர், எமரல்ட் என்ற படியை அடைந்தவர், தான் பின்சீட்டில் போனாலும் ஒருவரைக் கூட்டிப் போகலாம். அந்த ஒருவரிடமும் அந்தக் கூட்டு விமானங்களில் ஒன்றில் பறக்க ரிக்கற் இருக்க வேண்டும். வங்கிக் காட்டுகளின் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு தலை உள்ளே போகும்போதும் லவுஞ்ச்காரர் காட் கம்பனிக்குப் பில் போடுகிறார். இலவசம் என்று எங்களுக்குத் தெரிவது வேறு யாரோ கட்டுகிற காசு. சனம் கூடக் கூட அந்தப் பில்லும் கூடும். அதனால்தான் முதலில் கை வைப்பது 'கூட வருபவர்' மேலே. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் செஞ்சூரியன் லவுஞ்சுகளில் இலவசமாகக் கூட்டிவரும் வசதியை 2023 பெப்ரவரி 1ஆம் தேதியோடு பெரும்பாலான பிளாட்டினம் காட்காரருக்கு நிறுத்தி, ஒரு ஆளுக்கு 50 டொலர் என்றது. வருசத்துக்கு 75,000 டொலர் செலவழித்தால் பழைய வசதி உண்டு. இந்தியாவில் சாதாரண டெபிட் காட்டில் 2 ரூபா வெட்டிவிட்டு உள்ளே விடும் வசதி பிரபலமாகி, லவுஞ்ச் வாசலில் கோயில் அன்னதானம் மாதிரி வரிசை நின்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் வங்கிகள் பிறகு 'முந்தின காலாண்டில் இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டன.

இதையெல்லாம் போர்க்காலப் பாஸோடு ஒப்பிடுகிறாயா என்று எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு அண்ணா கேட்டார். ஒப்பிடவில்லை. லவுஞ்சுக்கு வெளியே நின்ற யாரையும் யாரும் விசாரணைக்குக் கூப்பிடப் போவதில்லை. வெளியிலும் கதிரை இருக்கிறது, தண்ணி இருக்கிறது. இதை அதோடு சேர்த்து ஒரு 'ஒடுக்குமுறை' என்ற சொல்லுக்குள் போட்டால் கிளாலியில் செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் ஒரு விஷயம் என்னை விடவில்லை. பாஸ் கொடுத்தவர்கள் "இவர் உமக்கு என்ன முறை?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பயம் இருந்தது, ஆனால் உறவு என்று ஒன்று இருப்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அதைப் பிடித்து நெரித்தது. லவுஞ்ச் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தாயா, அயலாளா, வழியில் சந்தித்த ஆளா, அதற்கு அக்கறை இல்லை. பிளஸ் வன், அவ்வளவுதான். இரண்டில் எது நல்லது என்று நான் சொல்லமாட்டேன். யாரை உள்ளே கூட்டிப் போவது, யாரை விடுவது என்ற முடிவை அது காட்காரரின் கையில் விட்டுவிடுகிறது. பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று, இது சும்மா இடைச்செருகல். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் இருக்கும் கடற்கோட்டை தெரியும்தானே? போர்த்துக்கீசர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து ஹமன்ஹீல் என்று பேர் வைத்தது. பன்றித் தொடையின் குதிப்பக்கம் என்று அர்த்தம், இலங்கை அவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததாம். பிறகு அது சிறையாக இருந்தது. இப்போது கடற்படை நடத்தும் ஹோட்டல். எங்கட ஊர்க்காரர் பாதையில் கடக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அம்மம்மா பிறந்து வளர்ந்தது அதற்கு நேரெதிர்க் கரையில். ஒருநாளும் உள்ளே போனதில்லை. "சிறையெண்டேக்க போக விரும்பேல்ல, ஹோட்டலெண்டேக்க போக ஏலேல்ல" என்பா.

*

சரி, அந்த வாசலில் என்ன நடந்தது என்று முடிக்கிறேன்.

"நான் இதில நிக்கிறன்" என்று அம்மம்மா சொன்னதும் பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பிள்ளையிடம், மூன்று பேருக்கும் போடுங்கோ, காசை நான் கட்டுறன் என்றா. அம்மம்மா விடவில்லை. பத்தாயிரம் ரூபாவுக்கு ஒரு மாதச் சாமான் வாங்கலாம் என்று தொடங்கி, நான் என்ன முடியாத ஆளோ, நாலு மணித்தியாலம் இருக்க மாட்டனோ என்று வந்து நின்றா. பெரியம்மாவுக்குச் சத்தம் உயர்ந்தது. "எப்ப பார்த்தாலும் நீங்கள் நிக்கிறதும் நான் போறதும்தானோ அம்மா?" என்று கேட்டா. நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். மொழி விளங்காவிட்டாலும் ஏதோ விளங்கி அவள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னுக்கு நின்றவர்கள் எங்களைச் சுற்றி உள்ளே போனார்கள்.

கடைசியில் மூன்று பேருமே போகவில்லை. கேற்றுக்குப் பக்கத்தில் மூன்று கதிரை சேர்ந்தாற்போல் கிடைத்தது. பெரியம்மா ஒரு மணித்தியாலம் போனைப் பார்த்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தா. அம்மம்மா தன்ர பையைத் திறந்து, காலையில் தங்கியிருந்த இடத்தில் வாங்கிக் கட்டிய இட்டலியை எடுத்து, முதல் அவவுக்குத்தான் நீட்டினா.

"உள்ள என்ன சாப்பாடு குடுப்பினம்?" என்று கேட்டா.

"உதுதான் அம்மா, இட்டலியும் இருக்கும்" என்று பெரியம்மா சொன்னா.

"அப்ப சரி" என்றா அம்மம்மா.